சத்தி ரோட்டில் நடந்துபோன எழுத்துகள்

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ரஹமத்நிஷாவைத் தேடிக்கொண்டு, அவளுடைய அண்ணன் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எழுதிய கடிதம் எங்கள் அலுவலக வாசலுக்கு நடந்து வந்தது. காகிதம் வரவில்லை, எழுத்துகள் மட்டும் வந்தன. நீல மையில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த எழுத்துகள், ஒரு வரிக்குப் பின்னால் அடுத்த வரியாக, யாரும் யாரையும் முந்தாமல், சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டி, மூடிக் கிடந்த மொபைல் கடைகளையும் திறந்திருந்த பேக்கரியையும் தாண்டி, எங்கள் கட்டடத்தின் ஆறு படிகளையும் ஏறி, கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றன. அந்தக் கதவுக்குக் காவல் நான். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை டூட்டி. குனிந்து பார்த்தேன், 'அன்புள்ள தங்கச்சிக்கு' என்று முதல் வரி இருந்தது. பார்வையாளர் நோட்டை எடுத்து, ரஹமத்நிஷாவைப் பார்க்க, ஆறு நாற்பத்தைந்து, என்று எழுதி வைத்துவிட்டு, அவளுக்கு உள்ளே போன் போட்டேன்.

எழுத்துகள் ஏன் கதவுக்கு வெளியே நின்றன என்றால், உள்ளே எழுத்துக்கு அனுமதியில்லை. எங்கள் கம்பெனியில் கடல் தாண்டிய ஊர்களின் நோயாளிகளுடைய மருத்துவக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று போட்டுக்கொடுக்கிறார்கள். யாரோ ஒருத்தருடைய நெஞ்சுவலியையும் யாரோ ஒருத்தியுடைய கருச்சிதைவையும் ஒருவர் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக, பேனா, பென்சில், காகிதம், பஸ் டிக்கெட், கோயில் விபூதி மடித்த தாள், எதுவானாலும் கதவுக்கு வெளியே என் மேஜையில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போனை லாக்கரில் பூட்ட வேண்டும். உள்ளங்கையில் எழுதியிருந்தால்கூட அழித்துவிட்டு வரச் சொல்லுவேன். இது ஒன்பது வருஷமாக நடக்கிற வழக்கம். எழுத்துகளுக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது.

ரஹமத்நிஷா வந்தாள். அவள் கல்யாணத்துக்கு வராமல் போன அண்ணன் ஜித்தாவிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கடிதம் அது, கோபத்தில் பிரிக்காமலே பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாளாம். பர்தாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவள் படித்து முடித்த வரிகள், வெகுதூரம் நடந்து வந்தவர்கள் காலை நீட்டிக்கொள்வதுபோல, நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் படுத்து, டைல்ஸ் மேல் காய்ந்துபோயின. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, லாகினுக்கு நாலு நிமிஷம் லேட்டுங்கண்ணா, கொஞ்சம் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். துப்புரவுக்கு வந்தவர்கள் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் அந்த எழுத்து போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்தன. கையால் எழுதப்பட்டு, உரியவர் கண்ணில் ஒரு நாள் முழுக்கப் படாமல் கிடந்த எதுவும் எழுந்து, அவரைத் தேடி நடக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். எல்லோரும் எழுந்ததும் வேலைக்கு ஓடிவந்துவிடுகிற ஊரில் யாரை எங்கே தேடுவது என்பது எழுத்துகளுக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பென்சிலில் எழுதிய எழுத்துகள் வெளிறிப்போய், பெரிது பெரிதாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்து வந்தன. பால்பாயிண்ட் எழுத்துகள் மழையிலும் வந்தன. ஜெல் பேனாவில் எழுதியவை மழைக்குப் பயந்து கடைகளின் ஷட்டர் ஓரமாகவே ஒண்டி ஒண்டி வந்து சேர்ந்தன. எதுவும் பஸ் ஏறவில்லை. பேக்கரிக்காரர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற இடத்தை மாற்றிக்கொண்டார். ஆட்டோக்காரர்கள் ஓரமாக ஒரு முழம் விட்டு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், எறும்பைத் தாண்டுவதுபோல, குதித்துத் தாண்டிப் போனார்கள்.

எங்கள் மேலாளர் பிரான்சிஸ் சாருக்கு முதல் வாரம் இது பிடிக்கவில்லை. பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனிக்குச் சொல்லி ஆளை வரவழைத்தார். அந்த ஆள் வாசலில் நின்று வரிகளைப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு வரி அவனுடைய சம்சாரம் எழுதியதாக இருக்கக் கண்டு, குனிந்து அதைப் படித்துவிட்டு மருந்து டப்பாவோடு திரும்பிப் போய்விட்டான். இரண்டாம் வாரம் சாருக்கே வந்தது. பத்தாம் வகுப்பில் கூடப் படித்த ஒருத்தர் ஆட்டோகிராப் புத்தகத்தில் எழுதி, இவர் புரட்டிப் பார்க்காமலே விட்ட இரண்டு வரி. எங்கிருந்து நடந்து வந்ததோ, வெளிறிப்போயிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கக் கேபினை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலை ஒரு சர்க்குலர் வந்தது: ஊழியர்கள் பணி தொடங்குமுன் பதினைந்து நிமிடம் வாசலில் இருந்து, தமக்கு வந்த எழுத்துகளைப் பெற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான் வாசலின் முகமே மாறியது. திட்டும் மன்னிப்பும் மளிகை லிஸ்டுமாக வந்ததைப் படித்து முடித்தவர்களுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. என் தட்டில் கிடந்த பேனாக்களை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதின கை நிற்காமல் ஓரத்தில் பூ போட்டது, ஒருத்தர் எதிர்த்தாற்போல் நின்ற வேப்பமரத்தை வரைந்தார், ரஹமத்நிஷா மருதாணி டிசைன்களாக ஒரு நோட்டை நிரப்பினாள், இரண்டு பேர் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து போகும்போது கேரம் போர்டு ஒன்றை வாங்கி வந்து என் மேஜைக்குப் பின்னால் சாத்தி வைத்தார்கள். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் வெளிச்சத்தையே பார்க்கிற கண்ணுக்கு, கையால் எதையாவது தொட்டுச் செய்கிற பதினைந்து நிமிஷம், வெயிலில் வந்தவனுக்கு மோர் மாதிரி இருந்தது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பேனாவைத் தட்டில் போட்டுவிட்டு, கையை விரித்துக் காட்டிவிட்டு, உள்ளே போனார்கள். வேலை குறையவில்லை, கூடவுமில்லை. வேலையும் எழுத்தும் இப்படியே சேர்ந்து போகும்போல என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்திருந்தது.

சிவநேசன் ஒருத்தரைத் தவிர.

சிவநேசன் காலை ஷிஃப்ட்டில் மூத்தவர். ஒரு நாளைக்கு நூற்று எண்பது பேருடைய நோயைப் படித்து எண் போடுவார், பிழை இருக்காது. விளாங்குறிச்சியில் வீடு. மனைவி தமயந்திக்கு வேறொரு கம்பெனியில் இரவு வேலை, வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு கம்ப்யூட்டரில் பதில் தட்டுகிற வேலை. அவள் காலை ஏழரைக்கு வீடு திரும்பும்போது இவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இவர் சாயங்காலம் அன்னூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அவள் கேப் ஏறியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு மணி நேரம் சேர்ந்திருப்பார்கள், அது துணி துவைக்கவும் மாவாட்டவும் சரியாகப்போகும். வேலை இப்படிப் பிரிந்த அன்றைக்கே இரண்டு பேரும் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்து, ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம்: போன் ஆபீசுக்கு, நோட்டு வீட்டுக்கு, வீட்டு விஷயம் எதுவானாலும் கையால் எழுதி வைப்பது.

முதல் இரண்டு மாதம் இரண்டு பேரும் எழுதினார்கள். அப்புறம் சிவநேசனுக்குக் காலையில் நேரம் போதவில்லை. நோட்டைத் திறப்பார், பக்கத்தைப் போனில் படம் எடுப்பார், அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று மூடி வைப்பார். மத்தியானம் லாக்கரிலிருந்து போனை எடுத்ததும், அவளுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிடுவார். படத்தைப் பிறகு திறந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் இருந்திருக்காது; கையெழுத்தெல்லாம் புறப்படத் தொடங்கிய பிறகு, படிக்காமல் எடுத்த படங்களில் கோடு போட்ட வெற்றுத்தாள்தான் விழுந்தது. தமயந்தி காலையில் வந்து பார்ப்பாள்; முந்தின நாள் தான் எழுதிய பக்கம் வெறுமையாக இருக்கும். கோயம்புத்தூர் முழுக்க அப்போது அதற்கு அர்த்தம் தெரியும். எழுத்து எழுந்து போயிருந்தால், படிக்கவில்லை.

அவர் படிக்காமல் விட்ட பழைய பக்கங்களெல்லாம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டன, அதற்குப் பிறகு அவள் எழுத்துகள் தினமும் வந்தன. நான்கு, ஐந்து வரிகள், கறுப்பு பால்பாயிண்ட், குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே காற்றோட்டமாக இடம் விட்ட கையெழுத்து. சிவநேசன் போனைப் பார்த்தபடியே வண்டியை நிறுத்தி, போனைப் பார்த்தபடியே படியேறி, லாக்கரில் அதை வைக்கிற கடைசி நொடி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். எழுத்துகள் அவர் செருப்பில் ஏறி, பேண்ட்டில் ஏறி, சட்டையின் முதுகுப்பக்கம் போய்ப் பிடித்துக்கொள்ளும். எழுத்தோடு உள்ளே விடக்கூடாது என்பது என் டூட்டி. தூசி துடைக்கிற மஞ்சள் துணியால் தட்டிவிடுவேன். "வயசானா முதுகுல என்னென்னமோ ஒட்டிக்குதுங்கண்ணா" என்று சிரித்துவிட்டுப் போவார். தட்டிவிட்ட எழுத்துகள் திரும்பி நடக்காமல், படிக்கு இரண்டு பக்கமும் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு அடியில் போய் ஒதுங்கிக்கொண்டன. எல்லோரும் பார்த்தார்கள். ரஹமத்நிஷா ஒரு நாள் நேராகவே சொன்னாள், உங்களுக்குத்தான் வந்திருக்கு சார், வீட்டிலிருந்து. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போட்டோ எடுத்து வச்சிருக்கேம்மா என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உள்ளே படிக்கிற நூற்று எண்பதில் ஒருத்தருடைய குறிப்பைக்கூட அவர் பாதியில் விட்டதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வலியைப் படிக்கிறவனுக்கு, சொந்த வீட்டில் நாலு வரி இருந்தால், அதில் என்ன இருக்குமோ என்று ஒரு பயம் இருக்காதா. எனக்கு அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதாலேயே, நானும் துணியை எடுத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி பிறந்த வாரம், புதன்கிழமை காலை வந்தது வேறு மாதிரி இருந்தது. பதினொரு வரி. நடை நிதானமாக இருந்தது. நின்ற இடத்தில் நான் குனிந்து படித்தேன். படிக்கக்கூடாதுதான், உரியவர் படித்தால்தான் எழுத்து அடங்கும், ஆனால் வாசலில் நிற்பதை எப்படிப் படிக்காமல் இருப்பது. மைசூர் கிளையில் பகல் வேலை தருகிறார்கள் என்று இருந்தது. வியாழக்கிழமை ராத்திரிக்குள் சொல்ல வேண்டுமாம். 'எனக்குப் பகலைப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க. போகட்டுமா வேண்டாமான்னு ஒரு வரி எழுதி வைங்க. போன்ல சொல்லாதீங்க. எழுதலைன்னா நான் வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் அப்படியே பஸ் ஏறிருவேன்.'

அன்றைக்கும் அவர் முதுகில் அது ஏறியது. அன்றைக்கும் அவருக்கு லேட்டாகியிருந்தது. நான் துணியை எடுத்தேன். தட்டினேன். இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்க்கிறேன். வியாழக்கிழமை காலை அந்தப் பதினொரு வரி தொட்டிக்கு அடியிலிருந்து திரும்ப வந்தது, திரும்பத் தட்டினேன். மத்தியானம் அவர் வழக்கம்போலக் கட்டைவிரல் அனுப்பியிருக்கிறார். தக்காளி வாங்கச் சொல்லி அவள் எழுதியதற்கு அனுப்பின அதே விரல்.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. டூட்டி நோட்டில் நேரம் போட்டுக்கொண்டிருந்தேன், குரோட்டன்ஸ் இலைகள் அசைந்தன. தொட்டிகளுக்கு அடியிலிருந்து தமயந்தியின் எழுத்துகள் வெளியே வந்தன, நான் தட்டிவிட்ட அத்தனையும், ஒன்பது மாதத்து நோட்டும், முதலில் எழுதினது முதலிலும் கடைசியில் எழுதினது கடைசியிலுமாக. ஆறு படிகளும் கறுத்துப்போயின. காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவர்கள் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. சிவநேசன் வண்டியை நிறுத்தி, போனைப் பார்த்தபடி, அவர்கள் விலகிக் கொடுத்த வழியில் ஏறி வந்தார். எழுத்துகள் அவர் மேல் ஏறின. பேண்ட் நிறைந்து, சட்டை நிறைந்து, காலர் வழியாகக் கழுத்துக்கும், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் ஏறின. போனை லாக்கரில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

நான் துணியை எடுக்கவில்லை.

"சட்டையில எழுத்து இருக்குதுங்க சார். உள்ள விட முடியாதுங்க."

"தெனமும் தட்டி விடுவீங்கல்லண்ணா. தட்டுங்க."

"இன்னைக்குத் தட்டறதா இல்லீங்க."

"லாகின் போயிரும்ண்ணா."

"போகட்டுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், அப்புறம் படியில் நின்றவர்களைப் பார்த்தார். ரஹமத்நிஷா முன்னால் வந்து, சத்தம் உயர்த்தாமல் கேட்டாள். "நூத்தி எண்பது பேரோட சீக்கைத் தெனமும் உக்காந்து படிக்கிறீங்க சார். வீட்டுல ஒருத்தி எழுதினதைப் படிச்சாக் கண்ணு போயிருமா?"

கையில் போன் இல்லாததால் அவருக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. தன் கையைப் பார்த்தார். இடது மணிக்கட்டில் முதல் வரி இருந்தது. அந்த இடத்திலேயே, என் நாற்காலியில் உட்கார்ந்து, படிக்க ஆரம்பித்தார்.

'தண்ணி மோட்டார் கத்துது, ஆளை வரச் சொல்லுங்க.' 'கேஸ் புக் பண்ணியாச்சு.' 'இன்னைக்குக் கேப்ல வரும்போது குளத்துல பெரிய பெரிய பறவைங்க எறங்கினதைப் பாத்தேன், டிரைவர் கிட்ட நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.' 'கண்ணு எரியுது, தூக்கம் வரலை, சும்மா இருக்க முடியாம ஒயர் கூடை போட ஆரம்பிச்சிருக்கேன். பச்சையும் வெள்ளையும்.' 'கூடை முடிஞ்சுது. பாத்தீங்களா?' 'பாக்கலைன்னு தெரியும். அதுக்குள்ளதான் உங்க டிபன் பாக்ஸை வச்சேன். நீங்க டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டீங்க.' 'தக்காளி அரைக் கிலோ.' 'தக்காளி.' 'ஏனுங்க, இதைப் படிக்கிறீங்களா?'

படித்த வரிகள் அவர் மேலேயே படுத்துக் காய்ந்தன. முதுகில் இருந்ததைப் படிக்கச் சட்டையைக் கழற்றி மடியில் விரித்துக்கொண்டார். ஏழு மணி ஆயிற்று, எட்டாயிற்று, என் டூட்டி முடிந்து அடுத்த ஆள் வந்தான், நான் போகவில்லை. உள்ளே போனவர்கள் இடைவேளைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டு, டீ வைத்துவிட்டுப் போனார்கள். பிரான்சிஸ் சார் ஒருமுறை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடிக்கொண்டார். பதினொன்றரை மணிக்குக் கடைசிப் பதினொரு வரிக்கு வந்தார். அதைப் படித்தவர் தலையைத் தூக்காமலே, இன்னைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்டார். சொன்னேன். கழுத்திலும் கையிலும் காய்ந்த எழுத்தோடு, சட்டையை மாட்டிக்கொண்டு, போனை லாக்கரிலிருந்து எடுக்க மறந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீடு பூட்டியிருந்தது. இதெல்லாம் அவர் இரண்டு நாள் கழித்துச் சொன்னது. ஃபிரிட்ஜ் மேல் நோட்டு இருந்தது, எல்லாப் பக்கமும் வெறுமை. அவள் துணிகளில் பாதி இல்லை. சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து போனை எடுத்தபோது அவள் ஒருமுறை கூப்பிட்டிருந்தாள். இவர் திரும்பக் கூப்பிட்டதற்கு, சேர்ந்துட்டேன், லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கிடைச்சுது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இவருக்கு வாய் வரைக்கும் எல்லாம் வந்தது. போனில் சொல்ல வேண்டாம் என்று அவள் எழுதியிருந்தது புறங்கையிலேயே இருந்தது. "எழுதறேன்" என்றார். "சரி, வரட்டும்" என்று வைத்துவிட்டாள்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினார். கடையில் கிடைத்த பேனா, ஜெல் பேனா. கை எழுத மறந்துபோயிருந்தது. ஒரு வரி எழுதுவதற்குள் விரல் வலித்தது. அடித்து அடித்து, விடிகிற நேரத்துக்கு ஆறு வரி தேறியது. நோட்டை மூடாமல் பக்கத்திலேயே இருந்தார். சனிக்கிழமை ராத்திரி வரை அப்படியே கிடந்த ஆறு வரியும், ஞாயிற்றுக்கிழமை விடியலில், முதலில் தலையைத் தூக்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எழுந்து, மாடிப்படி இறங்கின. மைசூருக்கு எங்கள் பக்கத்திலிருந்து நேர் வழி சத்தி ரோடுதான். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி, அப்புறம் திம்பம் மலை.

காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. இவ்வளவு மோசமான கையெழுத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பாதி எழுத்துகளுக்குக் காலே சரியாக இல்லை, நொண்டிக்கொண்டு வந்தன. பின்னால் சிவநேசன் நடந்து வந்தார். தூறிக்கொண்டிருந்தது. பெரிய கறுப்புக் குடையைத் தனக்குப் பிடிக்காமல், முன்னால் நீட்டி, எழுத்துகளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். முதுகு நனைந்திருந்தது.

நான் அவர் பக்கத்தில் ஓடிப்போய், பஸ்ஸில் போனால் சாயங்காலம் அங்கே இருக்கலாமே என்றேன்.

"நான் போயிருவேங்கண்ணா, இது வராதே. இது பஸ் ஏறாது. ஜெல் பேனாவுல எழுதிட்டேன், கொஞ்சம் நனைஞ்சாலும் போச்சு." ஒரு பஸ் சேறு வாரி இறைத்துக்கொண்டு போக, குடையைச் சட்டென்று பக்கவாட்டில் சாய்த்துத் தடுத்தார். "வாயால சொன்னா அவ கேட்டுக்குவா. ஆனா எழுதச் சொன்னா. எழுதியாச்சு. பத்திரமாக் கொண்டுபோய் விடணும், அவ்வளவுதானுங்க."

பிரான்சிஸ் சாரிடம் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். லீவு எத்தனை நாள் பாக்கியிருக்கோ அத்தனையும் போட்டுக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, எழுத்துகள் முன்னால் போய்விட்டதைப் பார்த்து, வேகமாக நடந்தார். எங்களில் நாலைந்து பேர் கோவில்பாளையம் வரைக்கும் கூடப் போய், எதிரே வந்த லாரிகளுக்குக் கையைக் காட்டி விலகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

அப்புறம் எங்களுக்குத் தகவல் சொன்னதெல்லாம் லாரிக்காரர்கள்தான். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வருகிறவர்கள் விடிகாலையில் எதிர்த்த டீக்கடையில் நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் புளியம்பட்டியில் கல்யாண மண்டப வாசலில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். எழுத்துகள் பந்தல் ஓரமாக நின்று இளைப்பாறின, அவரைப் பந்திக்குக் கூப்பிட்டார்கள், அவர் குடையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றதால் இலையை வெளியே கொண்டுவந்து போட்டார்கள். ஐந்தாம் நாள் பவானி ஆற்றுப் பாலம். ஏழாம் நாள் பண்ணாரிக்கு அப்பால் காட்டில் ஒரு யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தபோது, முன்னால் வந்த பெரிய பெண் யானை கீழே பார்த்து, தூக்கின காலை வேறு இடத்தில் வைத்ததாம். சொன்னவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. யானைக்கு இது தெரியும் என்றார். ரஹமத்நிஷா தினமும் காலையில் வந்ததும் முதல் கேள்வியாக, எங்க வரைக்கும்ண்ணா என்பாள்.

ஒன்பதாம் நாள் வந்த டிரைவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், நடந்ததைச் சொன்னார்.

திம்பம் மலையில் மழைத் தூறலில் வண்டி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, கொண்டை ஊசி வளைவில் முன்னால் எல்லா வண்டியும் நின்றிருந்தது. ஆக்ஸிடெண்ட் போல என்று நினைத்து இறங்கிப் போயிருக்கிறார். வளைவின் நடுவில் ஒரு பெண் ரோட்டில் குனிந்திருந்தாள். மைசூர்ப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கினவளாம். இன்னும் எத்தனை நாள்தான் காத்திருப்பது, நம்ம பேருக்கு வருவதை நாமே போய் எதிர்கொள்ளுவோம் என்று லீவு போட்டுவிட்டு வந்தவளாம். அவள் காலடியில் ஆறு வரி நின்றது. நாலு முழம் தள்ளி, தாடி மண்டின ஒருத்தர் குடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, படித்து முடிக்கும் முன்னால் பேசுவது மரியாதையில்லை என்பதுபோல, வாயைத் திறக்காமல் நின்றிருந்தார்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நேரமாயிற்று. இரண்டு பக்கமும் வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் படிக்கப் படிக்க வரிகள் தாரில் படுத்துக் காய்ந்ததால், பக்கத்தில் நின்ற டிரைவராலும் படிக்க முடிந்தது. அவர் எங்களுக்கு அதை மனப்பாடமாகச் சொன்னார்.

'தமயந்தி. ஒம்போது மாசத்தையும் ஒரே நாள்ல படிச்சேன். மோட்டாருக்கு ஆளை வரச் சொல்லியிருக்கேன். கூடையைப் பாத்தேன், நல்லா இருக்கு, அதுலதான் இப்ப நோட்டை வச்சிருக்கேன். உனக்குப் பகல் கிடைச்சிருக்கு, அதை விட்டுட்டு வர வேண்டாம். தை மாசத்துக்குள்ள அங்கே ஒரு வேலை தேடிக்கிட்டு நான் வர்றேன். வரலாமா வேண்டாமான்னு ஒரு வரி எழுது.'

முடித்ததும் அவள் நிமிரவில்லை. முதல் வரிக்குத் திரும்பிப் போய், இன்னொரு முறை கடைசி வரை படித்தாள். பிறகுதான் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்தாளாம்.

"கையெழுத்து ரொம்ப மோசமாப் போச்சுங்க உங்களுக்கு."

"ஆமா. பழக்கம் விட்டுப்போச்சு."

 அவள் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு பேனாவை எடுத்து, எழுதத் தாள் இல்லாததைக் கண்டு, குடை பிடித்திருந்த அவருடைய கையை இழுத்து, முழங்கைக்கு மேலே பழைய எழுத்து படாமல் இருந்த இடமாகப் பார்த்து, ஒரு வரி எழுதினாளாம். டிரைவர் எட்டிப் பார்த்திருக்கிறார், குடை மறைத்திருக்கிறது. அதற்குள் பின்னால் வண்டிகள் நகர ஆரம்பித்ததால், அவரும் போய் வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று.

என்ன எழுதினாள் என்று ரஹமத்நிஷா கேட்டாள். தெரியலைம்மா என்றார் டிரைவர். ஆனால் அந்த ஆள் அதை அங்கேயே, மழையில் நின்றுகொண்டே படித்தாராம்.